ஒற்றைக் கைக்கு ஒரு லென்ஸ்

என் கணவர் என்னிடம் கேட்டு வாங்கிய பொருள் என்று ஒன்றுதான் இருக்கிறது. அது ஒரு கமரா லென்ஸ். அதையும் அவர் நேராகக் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவருடைய தட்டில் இருந்த இறைச்சியை நான் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிக்கொண்டிருந்தபோது, யன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

"இந்தமுறை மெய்வல்லுநர் போட்டி அந்தக் காட்டோர மைதானத்திலையாம். அங்கை கார் விடுற இடத்திலை இருந்து பாத்தால் ஓடுபாதை முழுக்கத் தெரியும்."

நான் வெட்டுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன். பாரிசவாதம் வந்து இடது கையும் இடது காலும் விழுந்த பிறகு, வெளியே போவதைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. மருத்துவமனை, பிறகு றேஹா என்று இங்கே சொல்லுகிற பயிற்சி நிலையம், பிறகு வீடு. வீட்டுக்கு வந்தபின் வைத்தியரிடம் போவதைத் தவிர அவர் வாசல் தாண்டியதில்லை.

ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் பீலெஃபெல்ட் நகரத்தில் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடம் கோடையில் நடத்தும் அந்த மெய்வல்லுநர் விளையாட்டுப் போட்டிக்கு எப்போதும் அவர்தான் படம் எடுப்பார். கிழமை நாட்களில் ஒரு களஞ்சியத்தில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டினார். ஆனால் அந்த ஒரு சனிக்கிழமைக்காகத்தான் வருசம் முழுக்க மூச்சு விடுகிறார் என்று நான் நக்கலடிப்பேன். ஓட்டம் முடிகிற கோட்டுக்குப் பக்கத்தில் புல்லில் குப்புறப் படுத்திருப்பார். பிள்ளைகள் அவருடைய தலைக்கு மேலால் பாய்வது போல ஓடிவருவார்கள். எழும்பி வரும்போது சேட்டு முழுக்கப் பச்சைக் கறை. அதைத் தோய்ப்பது என்னுடைய பங்கு.

வருத்தம் வந்த பிறகு எல்லாரும் பார்க்க வந்தார்கள். நோயாளியைப் போய்ப் பார்ப்பது எங்கள் சனத்துக்குக் கடமை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. திராட்சைப்பழமும் பால்மா டின்னும் கொண்டுவந்து, கதிரையை அவருக்கு முன்னால் இழுத்துப் போட்டு இருந்து, முகத்துக்கு நேரேயே "ஐயோ, எப்பிடி ஓடித் திரிஞ்ச மனுசன்" என்பார்கள். ஒரு அக்கா அழுதேவிட்டா. கடைசியில் இவர்தான் அவவைத் தேற்றி அனுப்பினார். அன்று கதவு சாத்தியதும் சொல்லிவிட்டார்.

"இனி ஒருத்தரையும் உள்ளுக்கு விடாதையும்."

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற மனிதர். ஒருவரையும் விடவில்லை. அந்த ஒருவரில் பிளேகடீன்ஸ்ட் ஆட்களும் அடக்கம். காலையும் மாலையும் வீட்டுக்கு வந்து நோயாளியைக் கழுவி, உடுப்பு மாற்றி, கதிரையில் இருத்திவிட்டுப் போகிறவர்கள். எங்களுக்கு அதற்கான அனுமதி எல்லாம் கிடைத்திருந்தது. நான் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தால் போதும், வருவார்கள். அவர்தான் விடவில்லை. "வேறை ஆக்கள் என்னைத் தொட ஏலாது" என்றார்.

இதில் சிரிக்க வேண்டிய விசயம் என்னவென்றால், நானே அந்தத் தொழில்தான். முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறேன். விடிய எழும்பி இவரைக் கழுவி உடுப்புப் போட்டுவிட்டு, ஓடிப்போய் மற்றவர்களுடைய புருசன்மாரைக் கழுவி உடுப்புப் போட்டுவிட்டு, திரும்பிவந்து மறுபடி இவரைத் தூக்குவேன். வேலையில் தூக்குவதற்கு இரண்டு பேர் நிற்போம், இயந்திரமும் இருக்கும். வீட்டில் நானும் என் இடுப்பும்தான். இடுப்பு முதலில் வலித்தது, பிறகு மரத்தது, பிறகு இரண்டும் மாறி மாறி வந்தது. ஹனோவரில் வேலை செய்யும் மகள் ஒவ்வொரு நாளும் தொலைபேசி எடுத்து ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"அம்மா, நீங்களும் விழுந்தால் ரெண்டு பேரையும் ஆர் பாக்கிறது? அந்த ஆக்களை வரச் சொல்லுங்கோ. அப்பாட்டை நான் கதைக்கட்டோ?"

கதைத்தாள். தோற்றாள். சொல்லுகிறவனுக்கு வாய்ச்சொல், சுமக்கிறவனுக்குத் தலைச்சுமை. நான் சுமந்தேன். எத்தனை நாளைக்கு முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. ஒருநாள் குளியலறையில் அவரோடு சேர்ந்து நானும் விழப்போகிறேன் என்பது மட்டும் வடிவாகத் தெரிந்திருந்தது.

அதனால்தான் அன்று அவர் மைதானம் என்றதும் எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. ஒருநாள் வெளியே வந்தால், மறுநாள் யாரையாவது உள்ளே விடவும் மனம் வரலாம். அதற்கு என்ன விலை என்றாலும் பரவாயில்லை.

"போவம்" என்றேன்.

"நான் காரை விட்டு இறங்கமாட்டன். ஒருத்தரும் என்னைக் காணக்கூடாது."

"சரி."

"அங்கை இருந்து எடுக்கிறதெண்டால் இப்ப இருக்கிற லென்ஸ் காணாது. அது கிட்ட நிண்டு எடுக்கிறது. முந்தி நான் ஓடிப் போனன். இனி அதுதான் ஓட வேணும்."

இறைச்சியை வெட்டி முடித்தேன். அவர் சாப்பிட்டார். அடுத்த கிழமை நகரத்தில் உள்ள கமராக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் நல்ல மனிதர். என்ன விளையாட்டு, வெளியிலா மண்டபத்திலா, எவ்வளவு தூரம், வெளிச்சம் எப்படி என்று வரிசையாகக் கேட்டார். நானும் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். வெளியில், கோடையில், பகலில், மைதானத்தின் ஒரு மூலையில் இருந்து. அவர் உள்ளே போய் ஒரு நீளமான லென்சைத் தூக்கிக்கொண்டு வந்தார். நூற்றைம்பதில் தொடங்கி அறுநூறு மில்லிமீற்றர் வரைக்கும் போகும் என்றார். ஓடுகிறவர் தூரத்தில் நின்றால் வளையத்தை ஒரு பக்கம் திருக வேண்டும், கிட்ட வந்தால் மற்றப் பக்கம் திருக வேண்டும், விளையாட்டுப் படத்துக்கு இதைவிட வசதி வேறு இல்லை என்று காட்டினார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தேன். உருளைக்கிழங்கு மூட்டைக் கனம். பரவாயில்லை, இதுவரை தூக்கியதோடு இதையும் தூக்கலாம் என்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் பெட்டியைத் திறந்தபோது அவருடைய முகம் மாறியது. கனநாளுக்குப் பிறகு பார்த்த முகம். கமராவைத் தொடைகளுக்கு இடையில் இறுக்கிவைத்து, வலது கையாலேயே லென்சைப் பொருத்தினார். நான் உதவப் போனபோது "விடும்" என்றார். மேசையில் வைத்து, குனிந்து கண்ணை வைத்து, எதிர்க் கட்டடத்து மாடியில் காயப்போட்டிருந்த துணியைப் பார்த்தார். வலது விரல் படம் எடுக்கும் பொத்தானில் இருந்தது. பிறகு கிட்ட இழுத்துப் பார்க்க நினைத்திருக்க வேண்டும்.

வளையத்தைத் திருகுவது இடது கை.

அந்தக் கை அவருடைய மடியில், நித்திரை கொள்ளும் பூனை போலக் கிடந்தது. வலது கையால் அதைத் தூக்கி வளையத்தின் மேல் வைத்தார். வழுக்கி விழுந்தது. மறுபடி வைத்தார். பிறகு வலது கையால் வளையத்தைத் திருகிவிட்டு, அதே கையைப் பொத்தானுக்குக் கொண்டு போனார். அதற்குள் கமரா சரிந்துவிட்டது. மாடியில் காய்கிற துணிக்கு அவசரம் இல்லை. ஓடுகிற பிள்ளை காத்திருக்குமா?

"திருப்பிக் குடும்" என்றார். "ஒண்டும் வேண்டாம். நான் வரேல்லை."

எனக்கு என்மேல் வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. வேலைத்தலத்தில் பாரிசவாத நோயாளிகளின் பிள்ளைகளுக்கு வகுப்பெடுப்பதே நான்தான். பொத்தான் வைத்த சேட்டுக் கொண்டு வராதீர்கள், திருகுமூடிப் போத்தல் கொடுக்காதீர்கள், இரண்டு கை வேண்டிய எந்தச் சாமானும் அவர்களை அழப்பண்ணும் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். ஊருக்குத்தான் உபதேசம். கடையில் இரண்டு கையாலும் அந்தச் சாமானை வாங்கிப் பார்த்தபோதுகூட என் மண்டையில் உறைக்கவில்லை. கீழே நிலவறையில் உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்துக்கு முன்னால் போய் நின்று அழுதேன். இயந்திரம் சத்தம் போடும், ஒருவருக்கும் கேட்காது.

பெட்டி சில நாட்கள் வீட்டுக்குள் நடைவழியில் கிடந்தது. நான் அதைத் தாண்டிப் போய்வந்தேன். பிறகு ஒரு காலையில் அவருடைய தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது திடீரென்று தொடங்கினார்.

"திருகிற லென்ஸ் சரிவராது. ஒரே தூரத்திலை நிக்கிற லென்ஸ் வேணும். நானூறு. கிட்டவும் வராது, தூரவும் போகாது. நான் பொத்தானை அமத்தினால் காணும்."

"அப்ப ஓடுற பிள்ளை கிட்ட வந்தால்?"

"கிட்ட வந்தால் அந்தப் பிள்ளையை விட்டிட்டு அடுத்த பிள்ளையை எடுக்கிறது. கிட்ட வாறவை எனக்குத் தேவையில்லை."

அது பிள்ளைகளைப் பற்றி மட்டும் சொன்னதில்லை என்று எனக்கு விளங்கியது. நான் துவட்டிக்கொண்டே இருந்தேன். அவரும் நிறுத்தவில்லை. மண்டபத்துக்குள்ளேயும் பொழுதுபட்ட பிறகும் எடுப்பவர்களுக்குத்தான் பெரிய வாய் வைத்த, நிறைய வெளிச்சம் குடிக்கிற லென்ஸ் வேண்டும், அது பாரமும் கூட, கோடை மத்தியானத்துக்கு அது வீண் என்றார். கைநடுக்கத்தைத் தாங்கும் வசதியும் தேவையில்லை, ஏதாவது ஒரு மூட்டையில் சாய்த்து வைத்தால் போதும் என்றார். பிறகு நிறத்துக்கு வந்தார்.

"வெள்ளை லென்ஸ் எடுத்துப் போடாதையும். வெள்ளையைக் கண்டால் எங்கடை சனம் கலியாணவீட்டுக் கமராக்காரன் எண்டு நினைச்சு, தலையை வாரி இழுத்துக்கொண்டு வரிசையா வந்து நிண்டிடும். கறுப்புத்தான் வேணும்."

அதற்கு நான் சிரித்துவிட்டேன். எங்கள் சனத்தை அவர் அளந்து வைத்திருப்பது போல வேறு யாரும் அளக்கவில்லை. கலியாண மண்டபத்தில் கமராக்காரனின் திறமையை லென்சின் நீளத்தை வைத்துத்தான் மட்டுக்கட்டுவார்கள். அவர் எடுத்த விளையாட்டுப் படங்களைப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லா இருக்கு, ஆனால் ஒருத்தரும் கமராவைப் பாக்கேல்லையே" என்று குறைப்பட்டவர்களும் இருக்கிறார்கள்.

மறுபடி கடைக்குப் போனேன். இந்தமுறை தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டே போனேன். மறுபக்கம் அவர் வீட்டில் கதிரையில். கடைக்காரர் முகம் கோணாமல் பழையதைத் திருப்பி எடுத்தார். கண்ணாடி அலுமாரிக்குள் இருந்து, யாரோ பாவித்துக் கொடுத்த, கறுப்பு நிற, நானூறு மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்றை வெளியே எடுத்தார். திருகுகிற வேலை எதுவும் இல்லாதது, பழைய மாதிரி, மெல்லியது.

"உள்ளுக்கை லைற் அடிச்சுப் பாக்கச் சொல்லும், பூஞ்சணம் இருக்கோ எண்டு."

நான் ஜெர்மனில் கேட்டேன். இல்லை என்றார்.

"தானா ஃபோக்கஸ் பண்ணேக்கை சத்தம் கேக்குதோ? இழுபடுதோ?"

அதையும் கேட்டேன். கடைக்காரர் கமரா ஒன்றில் மாட்டித் தந்து, வாசலில் போய் நின்று பார்க்கச் சொன்னார். தெருவுக்கு அந்தப் பக்கம், தூரத்தில் டிராம் தரிப்பிடம். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை, ஒரே சுவர். பிறகு மெதுவாக நகர்த்தினேன்.

"என்ன தெரியுது?"

"ஒரு பொம்பிளை பேக்கரிப் பாண் ஒண்டைச் சாப்பிட்டுக்கொண்டு நிக்கிறா."

"முகம் தெரியுதோ?"

"முகம் என்ன, சால்வையிலை கொட்டுப்பட்டது பாணிலை இருந்த எள்ளு எண்டும் தெரியுது."

"அதையே எடும்" என்றார்.

நான் உடனே உள்ளே வரவில்லை. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில், ஒருவரையும் தூக்காமல், ஒருவருக்கும் சாப்பாடு தீத்தாமல், யாரோ சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது சுகமாக இருந்தது. கடைக்காரர் பின்னால் நின்று தொண்டையைச் செருமினார். அதன் பிறகுதான் கமராவைக் கொடுத்தேன்.

மூட்டைக்குப் பழைய தலையணை உறை ஒன்றை வெட்டித் தைத்து, அதற்குள் அரிசி போட்டேன். மணல் தேடி நான் எங்கே போவது. அவர் பார்த்துவிட்டு, "சோத்தரிசியை ஏன் அநியாயமாக்கிறீர்" என்றார்.

"போட்டி முடிய அவிழ்த்துச் சமைச்சுத் தாறன், பேசாமல் இருங்கோ."

போட்டி நாள் நல்ல வெயில். காலையில் அவரைக் கழுவி, உடுப்புப் போட்டு, கதிரையில் இருந்து காருக்கு மாற்றி முடிப்பதற்குள்ளேயே எனக்கு அன்றைய பலம் முடிந்துவிட்டது. மைதானத்தில் இன்னும் ஆட்கள் சேரவில்லை. கார் விடும் இடத்தின் கடைசியில், மரத்துக்குக் கீழே, வலது பக்கம் ஓடுபாதையைப் பார்க்கிற மாதிரி விட்டேன். முன் ஆசனத்தைப் பின்னுக்குத் தள்ளி, முதுகுக்குத் தலையணை வைத்து, கண்ணாடியை இறக்கி, கதவு விளிம்பின் மேல் அரிசி மூட்டை, அதன் மேல் லென்ஸ். மற்றக் கண்ணாடிகளுக்கு எல்லாம் துவாய் தொங்கவிட்டேன். தண்ணீர்ப் போத்தல் ஒரு பக்கம், சலம் கழிக்கும் போத்தல் மறுபக்கம். அவரை அங்கே விட்டுவிட்டு, ஓடுபாதை ஓரத்தில் இருந்த சாப்பாட்டுக் கூடாரத்துக்குப் போனேன். வருசா வருசம் அங்கேதான் எனக்கு வேலை.

அணிநடை முடிந்து ஓட்டம் தொடங்கியது. ஒலிபெருக்கியில் தமிழ். பிள்ளைகள் தங்களுக்குள் கத்துவது ஜெர்மன். போட்டியை ஒழுங்கு செய்கிற தம்பி தேநீர் குடிக்க வந்தார்.

"இந்தமுறை படம் எடுக்க ஆளில்லை அக்கா. அண்ணை எப்பிடி இருக்கிறார்?"

"வீட்டிலை படுத்திருக்கிறார்" என்றேன்.

"வந்து பாப்பம் எண்டால் நீங்கள் ஒருத்தரையும் விடுறியள் இல்லையாம்."

"பிறகு பாப்பம் தம்பி."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பது இதுதான். மனுசன் அந்த வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். இந்தத் தம்பியையே அந்த நேரம் படம் எடுத்துக்கொண்டு இருந்தாரோ தெரியாது. அதைவிட மோசம், கேட்டவர்கள் எல்லாரும் "அண்ணைக்குக் குடுங்கோ" என்று ரோல்ஸ், வடை, பால்ரொட்டி என்று தாளில் சுற்றிச் சுற்றித் தந்தார்கள். நானும் "காரிலை வைச்சிட்டு வாறன்" என்று போய் உண்மையாகவே அவரிடம் கொடுத்தேன்.

காருக்குள் அவர் வேறு ஆளாக இருந்தார். நெற்றி முழுக்க வியர்வை, வாயில் ரோல்ஸ், கண் கமராவில்.

"பக்கத்துக் காரின்ரை சூட்டிலை கானல் கிளம்புது. படமெல்லாம் தண்ணிக்குள்ளை எடுத்த மாதிரி ஆடுது. காரைக் கொஞ்சம் முன்னுக்கு எடும்."

"இப்பவோ? சனம் நிக்குது."

"இப்ப ஐந்நூறு மீற்றர் தொடங்கப் போகுது. கெதியா எடும் எண்டுறன்."

என்னை அவர் அப்படி அதட்டி எவ்வளவு காலம். ஆத்திரமும் வந்தது, சந்தோசமும் வந்தது. காரை எடுத்தேன், மறுபடி மூட்டையைச் சரிசெய்தேன், போத்தலை மாற்றினேன், கூடாரத்துக்கு ஓடினேன். பிறகு தேநீர் ஊற்றினேன். பாத்திரம் கழுவினேன். ரோல்ஸ் பொரித்தேன். மறுபடி காருக்குப் போனேன். பின்னேரம் கயிறிழுத்தல் நடந்ததாகச் சொன்னார்கள். நான் காணவில்லை. வீட்டுக்கு வந்து அவரைக் கட்டிலுக்கு மாற்றியது எப்படி என்று எனக்கு ஞாபகம் இல்லை.

மறுநாள் காலை சாப்பிட்டபின், படங்களைத் தொலைக்காட்சியில் போடச் சொன்னார். பக்கத்தில் கதிரையைப் போட்டு நானும் இருந்தேன். நல்ல படங்கள். அஞ்சல் ஓட்டத்தில் ஒரு கையில் இருந்து மறு கைக்குப் போகிற தடி, இரண்டு கையிலும் இல்லாமல் நடுவில் நின்றது. முதியோர் ஓட்டத்தில் ஒருவர் விழுந்த பிறகும் கைகாட்டிச் சிரித்தார். ஒரு சின்னப் பெண் கோட்டைத் தாண்டியது தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஓடினாள். ஒருவரும் கமராவைப் பார்க்கவில்லை.

"இதெல்லாத்தையும் அந்தத் தம்பிக்கு அனுப்பிவிடும்" என்றார்.

"அப்ப நீங்கள் வந்தது தெரிஞ்சிடும்."

"தெரியட்டும்."

அடுத்த படத்தில் ஓடுபாதை இல்லை. ஒரு கூடாரத்தின் பின்பக்கம். வெறும் சோடாப் பெட்டியைக் கவிழ்த்து அதன் மேல் ஒருத்தி இருந்தாள். சப்பாத்து இரண்டையும் கழற்றிவிட்டிருந்தாள். மடியில் வெற்றுத் தட்டு சரிந்து கிடந்தது. வாய் திறந்தபடி, தலை ஒரு பக்கம் தொங்க, இருந்த இருப்பிலேயே நித்திரை. யார் இந்தக் கிழவி என்றுதான் முதலில் நினைத்தேன். மஞ்சள் சட்டை என்னுடையது.

அதற்கு அடுத்த படத்திலும் அவள்தான். அதற்கு அடுத்ததிலும். ஒன்றில் ஒரு கையைப் பெட்டியில் ஊன்றி, மறு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்பப் பார்க்கிறாள். அடுத்ததில் மறுபடி இருந்துவிட்டாள். முகத்தைச் சுளித்திருக்கிறாள். அழுகிறாளா வலிக்கிறதா என்று சொல்ல முடியாது.

"அழியுங்கோ உந்தப் படத்தை" என்று கத்தினேன். "என்ன கோதாரிக்கு என்னை எடுத்தனீங்கள்? ஓடுற பிள்ளையளை எடுக்கத்தானே இவ்வளவு பாடுபட்டுக் கூட்டிக்கொண்டு போனது?"

அவர் அழிக்கவில்லை. தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே கதைத்தார். வருத்தம் வந்த பிறகு அவருக்குச் சொற்கள் மெதுவாகத்தான் வரும்.

"வீட்டிலை நீர் எல்லாம் எனக்குப் பின்னாலை நிண்டுதானே செய்யிறீர். தூக்கிறதும் பின்னாலை. கழுவிறதும் பின்னாலை. கதிரை தள்ளுறதும் பின்னாலை. உம்மடை முகத்தைப் பாத்து எனக்குக் கனகாலம்."

"முகத்திலை என்ன புதுசா இருக்கு."

"முதல் ஒண்டு எடுத்தன். பிறகு, எழும்புவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். அங்கை கயிறிழுக்கிறாங்கள், சனம் கத்துது. நான் உம்மைத்தான் பாத்துக்கொண்டிருந்தன். நீர் எழும்பேல்லை." தன் இடது முழங்காலைத் தட்டினார். "கால் இருந்தால் இறங்கி வந்திருப்பன்."

நான் காலைச் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கத் தொடங்கினேன்.

"நாளைக்கு அந்த ஆக்களுக்கு ரெலிபோன் அடியும். காலமையும் பின்னேரமும் வரட்டும். ஆம்பிளை ஆளாக் கிடைச்சால் நல்லம். கிடைக்காட்டிலும் பரவாயில்லை."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை மாதமும் காத்திருந்தேன். கிடைத்தால் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஆனால் முதலில் வந்தது கோபம்தான். நான் வாயால் சொன்னபோது கேட்கவில்லை, மகள் சொன்னபோது கேட்கவில்லை, வைத்தியர் சொன்னபோதும் கேட்கவில்லை. ஒரு படம் வேண்டியிருந்ததா இவருக்கு என்று கேட்க வாய் எடுத்தேன். அவர் வலது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதைக் கண்டதும் கேட்காமல் விட்டேன். "ஓம்" என்று மட்டும் சொன்னேன்.

படம் தொலைக்காட்சியில் அப்படியே நின்றது. நான் மறுபடி அதைப் பார்த்தேன். அந்தப் பெண்ணைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. வேலைத்தலத்தில் வேறு யாரையாவது இந்தக் கோலத்தில் கண்டிருந்தால், மடியில் இருந்த தட்டை வாங்கி வைத்து, சப்பாத்தை எடுத்துக் கொடுத்து, "நீங்கள் வீட்டை போய்ப் படுங்கோ அக்கா, மிச்சத்தை நான் பாக்கிறன்" என்று எப்போதோ அனுப்பியிருப்பேன்.